மார்கழியில் சூடான குப்பை

டிசம்பர் 17, புதன்

நேற்று எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. குப்பைக் குவியலின் சூடு 109 என்று எழுதியிருந்தேன். அது குவியலின் சூடு இல்லை. வீட்டில் இருக்கும் காய்ச்சல் தெர்மாமீட்டரில் அதற்கு மேல் எண் கிடையாது. அதைத் தாண்டினால் H என்று மட்டும் காட்டும். கடைசியாகக் கண்ணில் பட்ட எண்ணை எழுதிவிட்டேன். உண்மையான சூடு எனக்குத் தெரியாது. தெர்மாமீட்டரை டெட்டால் விட்டுக் கழுவி மறுபடி மருந்து டப்பாவில் வைத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

மாலை வகுப்பில் சுந்தரவல்லி மேடத்திடம் சொன்னேன். அவர் பீரோவைத் திறந்து, நீளக் கம்பி வைத்த மண் தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்.

"இது குப்பைக்கு மட்டும்" என்றார்.

"சரி மேடம்."

"அது மனுஷங்களுக்கு மட்டும்."

"சரி மேடம்."

பகலில் குரோம்பேட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிறேன். வாரத்தில் மூன்று மாலை கிழக்குத் தாம்பரத்தில் நாற்றங்கால் வகுப்பு. ஆளுக்கு ஒரு செய்முறை செய்ய வேண்டும். நான் எடுத்துக்கொண்டது குப்பையின் சூட்டில் மிளகாய் நாற்று வளர்ப்பது.

தாம்பரத்துக் குளிரைக் குளிர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் மிளகாய் விதை வெளியூருக்குப் போனதில்லை. மார்கழியில் மழை ஈரமும் இரவுக் குளிரும் சேர்ந்தால் அது முளைப்பதற்குப் பதிலாக அழுகும். அதனால் எல்லோரும் தை பிறந்த பிறகுதான் விதைக்கிறார்கள். அந்தச் செடி பூக்கிற நேரம் கோடை வந்து பூவையெல்லாம் உதிர்த்துவிடும். மார்கழியிலேயே நாற்று எழும்பிவிட்டால், வெயிலுக்கு முன்னால் ஒரு மாதமாவது கூடுதலாகக் காய் பறிக்கலாம். அதற்கு விதைக்கு அடியில் வெதுவெதுப்பு வேண்டும். மட்கும் குப்பை தானாகவே சூடாகிறது. அதன்மேல் விதை போட்ட குழித்தட்டை வைத்தால் போதும், கரண்ட் வேண்டாம். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று இரண்டு முறை படித்தேன்.

இதில் எனக்கு மதிப்பெண்ணை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் செடி விற்கும் ஸ்ரீரங்கன் அண்ணனிடம் போன வாரம் பேசினேன்.

"தை பொறந்துச்சுன்னா ஊர்ல கீற அத்தினி பேரும் நாத்த தூக்கினு வந்துருவான். அப்போ நீ வந்து இன்னா புண்ணியம்?" என்றார். "பொங்கலுக்கு முன்னாடி வெள்ளிக்கெழம ரெண்டு தட்டு மொளைச்சதா கொண்டாந்து காட்டு. காட்டுனா என் மேசைல பாதி உன்னுது, வாரா வாரம். வகுப்புப் பசங்க வாயால வளத்த செடிய நான் நெறைய பாத்துட்டேன். காட்டலன்னா மீன் தொட்டி விக்கிறவன் கேட்டுக்கினு கீறான், அவனுக்கு வுட்ருவேன்."

எனக்கும் வார விடுமுறை வெள்ளிக்கிழமைதான். இதுவரை எதையும் சொந்தமாக நடத்தியதில்லை. அந்த அரை மேசை வேண்டும் என்று இருக்கிறது. அப்படி வேண்டுவது அதிகமா என்று தெரியவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

மேடத்தின் தெர்மாமீட்டரில் குவியலின் நடுவே 56. இது செல்சியஸ்.

குவியல் வீட்டின் பின்பக்கம், வெளிக் குளியலறையை ஒட்டி இருக்கிறது. பழைய பலகைச் சட்டம் நான்கை நிறுத்திக் கட்டி, உள்ளே வேப்பஞ்சருகு, மரத்தூள், சாணம், அத்தாவின் வேலையில் மிஞ்சும் வெங்காயத் தோல், புதினாக் காம்பு எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டிருக்கிறேன். அத்தா கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி சமைக்கிறவர். வெங்காயத் தோலுக்குப் பஞ்சமில்லை. கறி, எலும்பு எதுவும் போடுவதில்லை. அது மேடத்தின் விதி. கீழே குடியிருக்கும் வீட்டு ஓனர் சூர்யநாராயணன் சாரின் விதியும் அதுதான். அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குவியல் போட அனுமதி கேட்டபோது, "வாடை வந்தா அன்னைக்கே எடுத்துடணும்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்தார்.

வகுப்பில் துர்கா என் பையைப் பிரித்துத் தார்ப்பாயை வெளியே எடுத்தாள். அவள் கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாகப் பஸ் மாறி வருகிறாள். வீட்டில் மீன் வியாபாரம்.

"இன்னாடி இது?"

"குவியலுக்கு மேல போத்த."

"ஊரே ஃபேன் போட்டுகினு தூங்குது. நீ குப்பைக்குக் குளுருதுன்னு போர்வை வாங்கினு போறியா?"

"மழை தண்ணி உள்ள போகாம இருக்க."

"நான் ஒரு கூடை மீன் செதிலு தரேன், போடு. ஒரே நாள்ல கொதிக்கும்."

"ஓனர் என்னைக் கொதிக்க வெச்சிருவார்."

இதற்கு அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

டிசம்பர் 20, சனி

மழை. தார்ப்பாயைப் போர்த்தினேன். ஓரங்களில் ஆவி வெளியேறிக்கொண்டிருந்தது. சூடு வீணாகிறதே என்று செங்கல் வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. அத்தாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"எத்தன பக்கம் ஆவி போவுது பாரு. இப்படி வுட்டா தம் எங்கேர்ந்து நிக்கும்?"

"என்ன பண்றது அத்தா?"

"என்னா பண்றது! அடைக்கிறது."

களிமண்ணைக் குழைத்து, தார்ப்பாயின் ஓரம் முழுக்க, அண்டாவின் மூடிக்கு மைதா மாவு ஒட்டுவது போல விரலால் அழுத்தி ஒட்டினார். மேலே பாரத்துக்கு அம்மிக்கல்லை வைத்தார். காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இப்போ பாரு. பொட்டு ஆவி வராது."

வரவில்லை. இத்தனை வருடம் தம் போட்டவர் சொல்கிறார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. காற்று வேண்டும் என்று வகுப்பில் எழுதியது நினைவுக்கு வந்தது. எவ்வளவு காற்று என்று எழுதவில்லை. உள்ளே இருக்கிற காற்று போதும் என்று நினைத்தேன்.

டிசம்பர் 22, திங்கள்

போதவில்லை.

காலையில் சூர்யநாராயணன் சார் மாடிப்படிக்குக் கீழே நின்று கூப்பிட்டார். "கைனாத், பின்னாடி ஏதோ செத்துருக்கு."

"எலியா இருக்கும் சார்."

"நானும் எலின்னுதான் நெனச்சேன். தேடினேன். உன் குப்பைதான் செத்துருக்கு."

தெர்மாமீட்டரில் 34. களிமண்ணைப் பிரித்ததும் வந்த வாடையை இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். சார் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு, "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடும்மா" என்றார். நான் சரி என்றேன். அவர் போன பிறகு மேடத்துக்குப் போன் செய்தேன்.

"காத்து எப்படிப் போகுது?"

"போகாது மேடம். சுத்தி மண்ணு வெச்சு அடைச்சிருக்கு."

"எதுக்கும்மா?"

"தம் போட்டோம் மேடம்."

அவருக்குக் கேட்கவில்லையோ என்று, "பிரியாணிக்குப் போடற மாதிரி மேடம்" என்றேன்.

"கேட்டுது. பிரிச்சுக் கிளறு. காஞ்ச எலையும் மரத்தூளும் சேரு. காத்து போற மாதிரி உதிரியா அடுக்கு. மூடணும்னா மேல மட்டும் மூடு."

அத்தாவிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சோத்துக்கு ஒரு நியாயம், குப்பைக்கு ஒரு நியாயமா?" என்றார். ஆனால் உள்ளே போய், நுனி கருகி ஒதுக்கி வைத்திருந்த ஆளுயரப் பிரியாணிச் சட்டுவத்தை எடுத்துவந்தார். வேலைக்குப் போகவேண்டிய நேரம் வரை இருவரும் கிளறினோம். அரிசி உடையக் கூடாது என்பது போல அவர் ஓரத்திலிருந்து மெதுவாகப் புரட்டினார். "இனிமே இது சோத்துக்கு ஆகாது. குப்பைக்கே வெச்சுக்கோ" என்று சட்டுவத்தை என்னிடம் கொடுத்தார்.

கண்ணாடிக் கடையில் இன்று யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

சாயங்காலம் வாடை அடங்கியிருந்தது. சார் வந்து நின்று மோந்து பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். காலி பண்ணச் சொன்னது ரத்தானதா இல்லையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

டிசம்பர் 24, புதன்

58. விடிகாலையில் குவியலுக்கு மேலே ஆவி எழும்பி நின்றது. சூர்யநாராயணன் சார் பல் துலக்கிக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றார்.

"இது நெஜமாவே சூடா இருக்கா?"

"ஆமா சார்."

"கை வெச்சா சுடுமா?"

"சுடும் சார்."

"எவ்வளவு சுடும்?"

எண்ணைச் சொன்னால் அவருக்குப் புரியாதோ என்று நினைத்தேன். "குளிக்கிற தண்ணின்னா வெளாவித்தான் ஊத்திக்கணும் சார், அவ்வளவு" என்றேன்.

அவர் வாயில் பேஸ்ட் நுரையோடு சற்று நேரம் யோசித்தார். பிறகு துப்பிவிட்டு வந்து, "சரி. போகி வரைக்கும் இருக்கட்டும். போகிக்கு எடுத்துடணும்" என்றார்.

இவ்வளவு பெருந்தன்மையை நான் எதிர்பார்க்கவில்லை. அம்மாவிடம் சொன்னபோது அம்மாவும் எதிர்பார்க்கவில்லை என்றார்.

மாலையில் இரண்டு குழித்தட்டிலும் தேங்காய் நார்க்கழிவு நிரப்பி, குழிக்கு ஒரு மிளகாய் விதை போட்டேன். குவியலின் தலையில் பழைய எருவை ஒரு சாண் பரப்பி அதன்மேல் தட்டுகளை வைத்தேன். ஒன்று மதில் பக்கம், இன்னொன்று குளியலறைப் பக்கம். தட்டுக்கு அடியில் 31 இருந்தது. மிளகாய்க்கு இதுதான் வேண்டும்.

டிசம்பர் 28, ஞாயிறு

சாயங்காலம் எல்லாம் சரியாக இருக்கிறது. காலையில் பார்த்தால் குளியலறைப் பக்கம் மட்டும் சூடு சரிந்திருக்கிறது. நேற்று மாலை உள்ளே 54. இன்று காலை 37. மதில் பக்கம் அப்படியே இருக்கிறது. மூன்று நாளாக இப்படி.

தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட்டு டீ டம்ளரில் வைத்துப் பார்த்தேன். அது சரியாக இருக்கிறது. அடுக்கும்போது அந்தப் பக்கம் சாணம் குறைவாகப் போட்டுவிட்டேனோ என்று தோன்றுகிறது. அப்படியானால் மாலையில் மட்டும் எப்படி ஏறுகிறது என்று தெரியவில்லை. நாய் ஏதாவது தோண்டிப் படுக்கிறதோ என்று அந்தப் பக்கத்துச் சட்டத்தின் இடைவெளியில் நேற்றே செங்கல் அடுக்கினேன். இன்று காலையில் செங்கல் அடுக்கினபடியே இருந்தது. சூடு மட்டும் இல்லை.

சாரின் மனைவி கிளியம்மாள் அம்மா கோலம் போட்டுவிட்டு வந்து என் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுக்காரர் மார்கழி பூராவும் பச்சைத் தண்ணிலதான் குளிப்பார். குளிச்சுட்டு நேரா பஜனை. கல்யாணமான நாள்லேர்ந்து பாக்கறேன், ஒரு தும்மல் கெடையாது. கெய்சர் ஸ்விட்ச்சு என் தலைமாட்டுலதான் இருக்கு. ஒரு நாள் அந்த லைட்டு எரிஞ்சதில்ல."

அம்மா, "மாஷா அல்லாஹ்" என்றார்.

டிசம்பர் 29, திங்கள்

வகுப்பில் துர்காவிடம் சூடு குறைவதைச் சொன்னேன்.

"எவனோ வந்து உன் குப்பைல குளுரு காயுறான்டி."

"யாரு காய்வாங்க?"

"எனக்கு இன்னா தெரியும்? உன் ஊரு, உன் குப்ப."

மேடம் கிண்டல் செய்யவில்லை. "காலைல சீக்கிரம் எழுந்து பாரு. குப்பையை உக்காந்து யோசிச்சா கண்டுபிடிக்க முடியாது" என்றார். எனக்குச் சீக்கிரம் எழுவது கடினம். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். இன்னும் எந்தத் தட்டிலும் முளை இல்லை.

ஜனவரி 2, வெள்ளி

அத்தா விடிகாலை சுபுஹு தொழுகைக்குக் கிளம்பும் சத்தத்தில் எழுந்தேன். அவர் முன்வாசல் வழியாகப் போனார். நான் பின்படியில் இறங்கினேன்.

குளியலறை விளக்கு எரிந்தது. குவியலுக்கு முன்னால் சூர்யநாராயணன் சார் துண்டோடு குனிந்து நின்றார். செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வரிசையாக வைத்தார். இடைவெளிக்குள் இரண்டு கையையும் விட்டு, ஒரு எவர்சில்வர் குடத்தை வெளியே இழுத்தார். குடத்தின் கழுத்தில் வேப்பஞ்சருகு ஒட்டியிருந்தது. அதைத் துடைத்தார். பிறகு பள்ளத்தைச் சருகால் நிரப்பி, செங்கற்களை அதே வரிசையில் திருப்பி அடுக்கினார். நாய் இதைச் செய்யாது. நான் அன்றே யோசித்திருக்க வேண்டும்.

"சார்" என்றேன்.

அவர் திரும்பினார். குடம் இடுப்பில் இருந்தது.

"கைனாத்தா? என்ன இவ்வளவு சீக்கிரம்?"

"குப்பையைப் பாக்க வந்தேன் சார்."

"பாரு, பாரு. நான் தண்ணி எடுக்க வந்தேன்."

"தெரியுது சார்."

"பச்சைத் தண்ணிதான்."

குடத்தின் வாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"போன வருஷம் வரைக்கும் பச்சைத் தண்ணிதான்" என்றார். குரல் இறங்கியது. "இந்த வருஷம் முட்டி கேக்கல. மார்கழி பொறந்ததும் ஒரு வாரம் போல ஊத்திப் பாத்தேன். படி ஏற முடியல. கெய்சர் போட்டா அவ தலைமாட்டுல லைட்டு எரியும். அவளுக்குத் தெரிஞ்சா பஜனை கோஷ்டி பூரா தெரியும்."

"தெரிஞ்சா என்ன சார்?"

"என்னவா? மார்கழின்னா பச்சைத் தண்ணின்னு அவங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்ததே நான்தான். வெந்நீர்ல குளிச்சுட்டு வந்தார்னு ஒருத்தரை ஒரு மாசம் பின் வரிசைல நிக்க வெச்சிருக்கேன்."

எனக்குக் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. வெளாவித்தான் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று அவரிடம் சொன்னதே நான்தான். தட்டுகளின் மேல் மூடியிருந்த பிளாஸ்டிக் தாளைத் தூக்கிக் காட்டினேன். மதில் பக்கத்துத் தட்டில் நாலைந்து இடத்தில் வெள்ளையாகக் கழுத்து வளைந்து எழும்பியிருந்தது. குளியலறைப் பக்கத்துத் தட்டில் நார்க்கழிவுதான் இருந்தது.

"சார், ஒரு குடம் தண்ணி ராத்திரி பூரா சூட்டை இழுத்துக்குது. காலைல நீங்க அதை எடுத்துட்டுப் போயிடறீங்க. சாயங்காலம் மறுபடி பச்சைத் தண்ணி. விதைக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல."

"அதுக்கு எவ்வளவு வேணும்?"

"முளைக்கிற வரைக்கும் விடாம வேணும் சார். அடுத்த வெள்ளிக்கிழமை பல்லாவரத்துல கொண்டுபோய்க் காட்டணும்." ஸ்ரீரங்கன் அண்ணனின் மேசையைப் பற்றிச் சொன்னேன்.

"காட்டலைன்னா?"

"மீன் தொட்டி விக்கிறவருக்குப் போயிடும்."

சார் தட்டைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கு எடுத்தது எடுத்தாச்சு" என்றார். "இனிமே வைக்கல." குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் வெகு நேரம் கேட்டது. கடைசி வெந்நீர் என்பதால் நிதானமாகக் குளிக்கிறார் என்று நினைத்தேன்.

மாலையில் பள்ளத்தில் புதுச் சாணமும் வெங்காயத் தோலும் திணித்து அடைத்தேன். காற்றுக்கு இடம் விட்டு அடைத்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஜனவரி 5, திங்கள்

காலை, மாலை இரண்டு வேளையும் 50. குளியலறைப் பக்கமும் அப்படியே.

இன்று பஜனை கோஷ்டி தெருவில் போனபோது சாரின் ஜால்ரா சத்தம் கேட்டது. குரல் கேட்கவில்லை. நடுவில் இரண்டு முறை தும்மல் கேட்டது. பிறகு கிளியம்மாள் அம்மா மாடிக்கு வந்து சுக்கு இருக்கிறதா என்று கேட்டார்.

"இத்தனை வருஷம் பச்சைத் தண்ணில குளிச்சவர். இந்த வருஷம் என்னன்னே தெரியல, திடீர்னு ஒத்துக்கல. பனி ஜாஸ்தியோ?"

அம்மா சுக்கைத் தட்டிக் கஷாயமாகவே வைத்துக் கொடுத்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தட்டு மிளகாய்க்காக ஒரு மனிதருக்குச் சளி பிடிக்க வைப்பது சரியா என்று வகுப்பில் கேட்கலாம் என்றால், யார் என்று கேட்பார்கள்.

ஜனவரி 8, வியாழன்

முளைத்துவிட்டது.

மதில் பக்கத்துத் தட்டு ஏறக்குறைய முழுதாக வந்திருக்கிறது. விதையிலைகள் இரண்டு இரண்டாக விரிந்து நிற்கின்றன. குளியலறைப் பக்கத்துத் தட்டில் பாதிதான். குடம் இருந்த இடத்துக்கு மேலே வரும் பாதி மொட்டையாக இருக்கிறது. அந்த விதைகளைக் கிளறிப் பார்த்தேன். அழுகியிருந்தன. பிந்திய சூடு அவற்றுக்கு உதவவில்லை.

கடைக்குக் கிளம்பும்போது சார் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து தட்டுகளைப் பார்த்தார்.

"இந்த மொட்டை, என் பாதியா?"

"ஆமா சார்."

"ரெண்டு தட்டுன்னுதானே சொன்னார் அவர்?"

"ஆமா சார்."

அவர் தும்மினார். தட்டின் மேல் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்மினார். இன்று குளிக்கும்போது பச்சைத் தண்ணீர்தானா என்று நான் கேட்கவில்லை. மூக்கு சொன்னது.

ஜனவரி 9, வெள்ளி

துர்கா தாம்பரம் ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். ஆளுக்கு ஒரு தட்டாக மடியில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் போனோம். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்ன செடி என்று கேட்டார். மிளகாய் என்றேன். "இந்தப் பனியிலயா?" என்றார். அதைக் கேட்டதும் தைரியம் வந்தது. பல்லாவரத்தில் இறங்கும்போது போய்விட்டது.

ஸ்ரீரங்கன் அண்ணன் ஒரு ரோஜாத் தொட்டிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். அவர் மேசையின் மறுமுனையில் மீன் தொட்டிக்காரர் ஏற்கெனவே ஒரு தொட்டியை வைத்துவிட்டு நின்றார். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் முதல் தட்டை வைத்தேன். அண்ணன் குனிந்து பார்த்தார். ஒரு நாற்றை நகத்தால் தொட்டார்.

"மெய்யாலுமே மொளச்சுகீதே. எங்கேர்ந்து வாங்கினு வந்தே?"

"வாங்கல அண்ணா. வளர்த்தேன்."

"அண்ணா, அவ குப்பைக்குப் போர்வை போத்தி வளத்தா. தெர்மாமீட்டர்லாம் வெச்சா. நீங்க வேற" என்றாள் துர்கா.

இரண்டாவது தட்டை வைத்தேன்.

"இது இன்னா, பாதி மொட்டையா கீது?"

"அந்தப் பக்கம் சூடு பத்தல அண்ணா."

"ஏன் பத்தல?"

என்ன சொல்வது என்று ரயிலிலேயே யோசித்து வைத்திருந்தேன். சாணம் குறைந்துவிட்டது என்று சொல்வதாக இருந்தேன். நேரில் அந்தப் பொய் வரவில்லை. முழு உண்மையும் என்னுடையது இல்லை.

"வேற ஒருத்தருக்குத் தேவைப்பட்டுது" என்றேன்.

"சூடா?"

"ஆமா அண்ணா."

"மார்கழில?"

"மார்கழிலதான் அண்ணா."

அவர் துர்காவைப் பார்த்தார். துர்கா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் இது புதிது. மீன் தொட்டிக்காரர் தொட்டியை அரை அடி உள்ளே தள்ளினார்.

"நான் ரெண்டு தட்டு சொன்னேன்" என்றார் அண்ணன். "நீ ஒண்ணரை கொண்டாந்துகீறே. ஒண்ணரைக்குப் பாதி மேசை தர முடியாது. ஆனா பொய் மூட்டையும் கொண்டாரல." மேசையின் முனையிலிருந்து சாண் போட்டு அளந்தார். மூன்று சாண் வந்தது. அங்கே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டார். "இது உன்னுது. நாத்து நாலு எல விட்டதும் கொண்டாந்து வெய்யி. அந்தாண்ட மீன் தொட்டி. அது மேல உன் மண்ணு கொட்டக் கூடாது, உன் செடி மேல அது தண்ணி தெறிக்கக் கூடாது. சண்ட போட்டா ரெண்டு பேரையும் எறக்கி வுட்ருவேன்."

மீன் தொட்டிக்காரர், "தண்ணி தெறிக்காதுமா, அது சாதுவான மீனு" என்றார்.

திரும்பும்போது துர்கா ஸ்டேஷன் வரை விடவில்லை. "யாருடி அந்த ஒருத்தர்? சொல்லுடி. குளுரு காஞ்சவன் யாரு?" சொல்லவில்லை. "மூணு சாண் கெடச்சதும் திமிரு ஏறிப்போச்சு" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சாரிடம் சொன்னேன். அவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார்.

"மூணு சாணா? பாதின்னுதானே பேச்சு?"

"மூணு சாண் போதும் சார். இப்போதைக்கு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். உள்ளே கிளியம்மாள் அம்மா இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தார். "போகிக்குக் குப்பையை எடுக்கணும்னு சொன்னேன் இல்ல?"

"ஆமா சார். மார்கழி முடிஞ்சதும்."

"எந்த வருஷத்துப் போகின்னு சொன்னேனா?"

யோசித்துப் பார்த்தேன். உண்மையிலேயே சொல்லவில்லை.

மாலையில் அத்தா ஒரு கல்யாண வேலையிலிருந்து இரண்டு மூட்டை வெங்காயத் தோல் கொண்டுவந்தார். குளியலறைச் சுவரை ஒட்டி இன்னொரு குவியல் போடப்போகிறேன், நடுவில் மட்டும் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்றேன்.

"நடுவுல எதுக்கு ஓட்டை?"

"காத்துக்கு அத்தா."

"சரி. குடம் அளவுக்குக் காத்து."

நான் அவரைப் பார்த்தேன். அவர் மூட்டையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"டெய்லி சுபுஹுக்கு எழுந்ததும் பின்பக்க ஜன்னலத் தொறக்குறேன். கண்ணு இருக்குது, தெரியுது."

"ஏன் சொல்லல? என் விதை போச்சே!"

"உன் விதை போவுதுன்னு எனக்கு என்னா தெரியும்? மனுசன் குளிக்கிறதையெல்லாம் வெளில சொல்லுவாங்களாமா?"

புதுக் குவியல் சூடேறும்போது மார்கழியில் ஒன்றிரண்டு நாள்தான் மீதி இருக்கும். அதற்காகப் போடாமல் இருக்கவும் முடியாது. முட்டி தை மாதத்திலும் வலிக்கும்.

நாளை: கடைக்குப் போவதற்கு முன்னால் தெருமுனை வேப்பமரத்தடியில் காய்ந்த சருகு மூன்று சாக்கு வார வேண்டும். குவியல் முதல் குவியல் அளவுக்கே இருக்க வேண்டும், சிறியதாகப் போட்டால் சூடாகாது. குடத்தைச் சாரிடம் கேட்டு வாங்கி, நடுவில் வைத்து அளவு பார்த்து அடுக்க வேண்டும். தார்ப்பாயை மேலே மட்டும் போட வேண்டும். ஓரத்தை அடைக்கக் கூடாது.